அரைப் பேர் நாள்

ஷட்டரைப் பாதி இறக்கியபின் வந்தான்.
ஹட்டன் மழை தொப்பியிலிருந்து சொட்டியது.
பருக்கள் போய்விட்டன,
பருக்களின் நிழல் போகவில்லை, அந்த முகத்தில்.
"ஆம்பளைக்கும் செய்வீங்களா அக்கா?
மழைல வேலைய நிப்பாட்டிட்டாங்க,
இன்னிக்கு அரைப் பேருதான்."

யோகசீலன். கவ்வாத்து வெட்டுகிறவன்.
வைகாசியில் கல்யாணம்.
சட்டைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து
சீப்புகளுக்கு நடுவே வைத்தான்.
ஃபோன் கடையில் வாங்கினானாம்.
லேபிளில் ஐம்பது வீதம் என்றிருந்தது,
யார் செய்தது என்று இல்லை.

மூடியைத் திறக்காமலே தள்ளி வைத்தேன்.
நம்ம நிறத்துக்கு அடியில்
ஒரு மைக்கூடு இருக்கிறது தம்பி,
மிரட்டினால் கவிழும்.
இடது கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பினேன்.
கொழும்பில் படித்த காலம், கூடப் படித்தவள்
கைபழக என் முகத்தைக் கேட்டாள்.
ஏழு வருடம். பவுடருக்குக் கீழே
அந்தப் பின்னேரம் அப்படியே இருக்கிறது.

அமிலம் என்றதும் எரிப்பது என்று நினைக்கிறார்கள்.
செத்த செல்கள் மேலே
கூட்ட பஸ்ஸில் நிற்பவர்கள் மாதிரி
ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்.
அந்தப் பிடியை இளக்கிவிட்டால் போதும்,
தாமாக இறங்கும், கீழிருந்து புதியவை ஏறும்.
கரும்பிலிருந்து வருவது பொடியன், விறுவிறுவென்று இறங்குவான்.
புளித்த பாலில் இருப்பது கொஞ்சம் நிதானம்.
கசப்பு வாதுமையில் இருப்பது சோம்பேறி,
நம்ம தோலுக்குச் சோம்பேறி நல்லவன்.
உனக்கு எண்ணெய் வழிகிறது,
எண்ணெய்க்குள் நீந்தத் தெரிந்த ஒன்று வேண்டும்,
சாலிசிலிக், அதுவும் லேசாக.

கேட்டுக்கொண்டே இருந்தான்.
"கவ்வாத்து மாதிரிதான்" என்றான்.
"வெட்டுறதுக்கு முந்தி கொழுந்தெடுக்காம
செடிய சும்மா விடணும்.
வேர நறுக்கி அயடின் தொட்டுப் பாப்பாங்க,
கறுத்தா உள்ள மாவு இருக்கு, வெட்டலாம்.
கறுக்காத செடிய வெட்டுனா, அம்புட்டுதான்.
காய்ச்சல் காலத்துல கத்தியத் தொடமாட்டோம்.
மூச்சு விட ஒரு கெளைய விட்டு வைப்போம்.
வெட்டுன வாத அது தலைமேலயே போர்த்திருவோம்,
வெயில் சுட்டுரும்ல?"

என் டிப்ளோமா மூன்று மாதம்.
சுவரில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமல் இருந்தேன்.

வெயில்தான் இப்போது விஷயம் என்றேன்.
"மஞ்சு மூடிக் கெடக்கே அக்கா, இங்க ஏது வெயில்?"
மஞ்சுக்குள்ளாலேயும் வரும்,
மலை ஏற ஏற அது கூர்.
உன் குப்பிக்குப் பத்துப் பதினைந்து நாள்
வீட்டுக்குள் கிடக்க வேண்டும்.
விரல்களை மடக்கினான்.
"பத்து நாளுன்னா பத்துப் பேரு."
இரண்டாவது கைக்குப் போகாமல் நிறுத்திக்கொண்டான்.

பிறகு காலண்டரைக் கழற்றி மடியில் வைத்தோம்.
லேசானது என்றால் இரண்டு நாள் சிவப்பு,
மூன்றாம் நாள் வேலை,
தொப்பியும் வெயில் கிரீமும் கட்டாயம்.
(கிரீமின் விலை சொன்னேன். ஒன்றரைப் பேர் என்று
மனதுக்குள் மாற்றிக்கொண்டதைக் கண்டேன்.)
மாதத்துக்கு ஒரு தடவை,
போயாவுக்கு முதல் நாள் அந்திக்கு.
கல்யாணத்துக்குள் நாலு போயா.
"பள்ளம்லாம் போயிருமா?"
போகாது. நிழல் குறையும்.
யோசித்தான். "அவ பள்ளத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றான்.

அப்புறம் யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு முகத்தைத் தொடவில்லை.
காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, பஞ்சு நுனியில்.
எரியுதா?
"கட்டெறும்பு, ஆனா சின்னக் கட்டெறும்பு."
இரண்டு நாள் பார், தடித்தால் வராதே,
ஃபோன் பண்ணு.

ஐம்பது வீதத்தை என்ன செய்வது என்றான்.
விட்டுவிட்டுப் போ என்றேன்.
ஷட்டருக்குக் கீழே குனிந்து போனான்,
தொப்பியைக் காது தொடாமல் சாய்த்துப் போட்டபடி.

நோட்டில் திகதி போட்டு
அவன் பெயரை எழுதினேன்.
முழுப் பேர்.